மாடியில மாட்டியிருந்த போட்டோ

ஒரு ஊர்ல ஒரு பெரிய வீடு. ரொம்ப காலத்துக்கு முன்னாடி ஜனாதிபதியா இருந்தவர் வாழ்ந்த வீடு, கண்ணு. அவர் போனப்புறம் யார் வேணா வந்து பாக்கலாம்னு திறந்து விட்டுட்டாங்க. ம் கொட்டு, இல்லேன்னா கதை அங்கேயே நின்னுடும். ஆங், அப்படி.

அந்த வீட்டைப் பாக்க தணிகாசலம்னு ஒருத்தன் பஸ் ஏறி வந்தான். கூடவே பொண்டாட்டி பூரணி, அவ இடுப்புல பாப்பா. அவன் வேடிக்கை பாக்க வந்தான். பூரணி அதுக்கு வரல. அவ கைக்குழந்தையா இருக்கும்போதே அவ அம்மா செத்துப் போயிட்டா. வீட்டுல இருந்த ஒரே படமும் வெள்ளத்துல போச்சு. அம்மா முகமே தெரியாது, பாவம். ஆனா அந்த அம்மா பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப ஜனாதிபதிக்குப் பூச்செண்டு குடுத்தாளாம். அந்தப் போட்டோ இந்த வீட்டு மாடியில, கடைசி ரூம்ல மாட்டியிருக்குன்னு சித்தி சொல்லியிருந்தா.

பாப்பாவைப் பாக்கிறவங்க எல்லாம் "அப்படியே அப்பா ஜாடை"ன்னாங்க. எங்கம்மா ஜாடை கொஞ்சமாவது இருக்காதான்னு பூரணிக்கு ஏக்கம். பாப்பாவை அந்தப் போட்டோ பக்கத்துல தூக்கிப் பிடிச்சுப் பாக்கணும், அவ்வளவுதான் அவ ஆசை.

அப்போ மாடிப்படிகிட்ட போனாங்களா, பாப்பா "குவா குவா"ன்னுச்சு. பசி. பூரணி மரத்தடியில உக்காந்து பால் குடுத்தா. தணிகாசலம் துரை அங்க நின்ன பழைய காரைச் சுத்திச் சுத்தி வந்தாரு.

அப்புறம் மறுபடி வந்தாங்க. "சொர்ர்ர்!" ஆமா, சிரி சிரி, நீ செய்யாததா? "என்னங்க, கொஞ்சம் புடிங்க"ன்னா பூரணி. "டீ ஆறிடும், நீயே துணியை மாத்திடு"ன்னான்.

மூணாவது தடவை படியில காலை வெச்சா, "வீல்ல்!" தூக்கம் வர்ற அழுகை. வாட்ச்மேன் வந்து, "அழுவுற குழந்தையோட மேல போகக் கூடாதும்மா. மூடற நேரம் வேற"ன்னாரு.

"என்னங்க, பாப்பாவை வெச்சுக்கங்க. நான் மட்டும் ஓடிப் பாத்துட்டு வந்துடறேன்."

"என்கிட்ட இன்னும் அழும். நான் பாத்துட்டு வந்து சொல்றேன்."

பூரணி பாப்பாவைத் தோள்ல போட்டுகிட்டா. "எங்கம்மா முகத்தை நல்லா பாத்துட்டு வாங்க"ன்னா.

குடுகுடுன்னு ஏறினான். மொத ரூம்ல வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி, இவ்ளோ பெரிய ரேடியோ, ஆடற நாற்காலி. வாயைப் பொளந்துகிட்டு நின்னுட்டான். டிங் டிங் டிங்! மணி அடிச்சாச்சு. கடைசி ரூமை டப்புனு சாத்திட்டாங்க. தடதடன்னு கீழ வந்தான்.

"பாத்தீங்களா? யாரு மாதிரி இருந்தாங்க?"

பாக்கலன்னு சொல்லியிருக்கலாம்ல? சொல்லல. அவ கண்ணைப் பாத்ததும் பயந்துட்டான். "நம்ம பாப்பா மாதிரியேதான்"னான்.

பூரணி பாப்பாவை இறுக்கி அணைச்சுகிட்டு அப்படி அழுதா, அப்படி சிரிச்சா. பஸ்ல சொல்லிடலாம்னு பாத்தான், முடியல. சாப்பிடறப்ப பாத்தான், முடியல. படுக்கறப்பவும் நாக்கு எழல. அவ தினம் பாப்பா மூக்கைத் தொட்டு, "எங்கம்மா மூக்கு"ம்பா. அவன் தலையைக் குனிஞ்சுக்குவான்.

அப்புறம் மனசு கேக்காம, அடுத்த வருஷம் அவனே கூட்டிட்டுப் போனான். பாப்பாவை அவனே தூக்கிகிட்டான். அது அழவே இல்ல, அவன் தோள்ல சுகமா தூங்குச்சு. அப்பத்தான் அவனுக்குச் சுருக்குன்னுச்சு. அன்னிக்கும் தூங்கியிருக்குமே!

மாடி ஏறி கடைசி ரூமுக்குப் போனாங்க. சுவத்துல ஆணி மட்டும் இருந்துச்சு. மழையில ஒழுகி, கரையான் அரிச்சு, படத்தையெல்லாம் தூக்கிப் போட்டாச்சாம்.

பூரணி அந்த ஆணியையே பாத்துகிட்டு நின்னா. அப்புறம் அவன் கையைப் புடிச்சுகிட்டு, "போகட்டும், நீங்களாவது பாத்தீங்களே"ன்னா.

ம்... அவன் நிஜத்தைச் சொன்னானா? இல்ல கண்ணு. பாப்பாவை இறுக்கிப் புடிச்சுகிட்டு, தலையைக் குனிஞ்சபடியே படி இறங்கினான்.

கதையும் வீட்டுக்குப் போய்ப் படுத்துருச்சு. நீயும் கண்ணை மூடு.