அரண்மனை வாசலில் ஒருவன்

விண்ணன் ஒரு காலத்தில் அரசருக்கு முரசறைந்தவன். மனைவி இறந்தபின் அந்த வேலையை விட்டுவிட்டு, குன்றின் மேல் வாழ்ந்த துறவி சேந்தியம்மையிடம் சீடனாகச் சேர்ந்தான்.

ஒருநாள் பிச்சைக்குப் போனவன் வெறுங்கையோடு திரும்பினான்.

"சுண்ணாம்புக் காளவாயில் குழந்தைகள் கல் சுமக்கிறார்கள், அம்மா. அவர்களை அங்கே வேலைக்கு வைக்கக் கூடாது என்று ஊரெல்லாம் முரசறைந்தவனே நான்தான். அது அரசர் கொடுத்த வாக்கு. நாம் தவறினால் அரசர் கேட்பார். அரசர் தவறினால் யார் கேட்பது?"

சேந்தியம்மை கோலை எடுத்துக்கொண்டு குன்றிறங்கினார். விண்ணன் பின்னால் ஓடினான்.

அரசர் கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்று அவர்கள் கேட்டதும், அரண்மனை வாசலுக்கு அதிகாரி ஒருவர் வந்தார்.

"ஆணை அப்படியேதான் இருக்கிறது. கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறோம். போய்ப் பாருங்கள்."

"கல்லைப் பார்த்தோம். நீங்கள் காளவாயைப் பார்த்தீர்களா?" என்றார் சேந்தியம்மை.

அதிகாரி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் சேந்தியம்மைக்குக் கால் வீங்கிவிட்டது. "நீ போய்க் கேள்" என்றார்.

விண்ணன் தினமும் போனான். 'காளவாயைப் பார்த்தீர்களா?' என்ற அதே கேள்வியை உரக்கக் கேட்டான். முதலில் சிலர் கூடவே நின்றார்கள். காவலர்கள் பெயரையும் தெருவையும் விசாரிக்கத் தொடங்கியதும் ஒவ்வொருவராக நழுவினார்கள். அவனோடு முரசறைந்தவர்கள் அவனைக் கண்டால் வேறு சந்தில் திரும்பினார்கள். மழைக்காலம் வந்தது. வாசலில் அவன் மட்டும் நனைந்துகொண்டு நின்றான். விரட்டக்கூட யாரும் வரவில்லை.

ஒரு மாலை குன்றேறி வந்து, ஈரத்தோடு தரையில் உட்கார்ந்தான்.

"இனி நான் போகவில்லை, அம்மா. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அங்கே ஒருவன் நிற்கிறான் என்றே யாரும் நினைக்கவில்லை."

"யாருமேவா?"

விண்ணன் தயங்கினான்.

"வரும் வழியில் ஒரு சிறுமி மறித்தாள். காளவாயில் வேலை செய்கிறவள். விரலெல்லாம் சுண்ணாம்பில் வெந்திருந்தது. 'எங்களுக்காக வாசலில் நிற்கிறவர் நீங்கள்தானே? அரசர் என்ன சொன்னார்?' என்று கேட்டாள்."

"நீ என்ன சொன்னாய்?"

"என்னவென்று சொல்வது? முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்."

சேந்தியம்மை உலர்ந்த துணி ஒன்றை எடுத்து அவன் தலையைத் துவட்டினார்.

"அரசரும் அதைத்தானே செய்கிறார்" என்றார்.