பதினெட்டு மூச்சு

பதினோரு ஆஸ்பத்திரி ஏறி எறங்கியாச்சு. பதினோரு எடத்துலயும் ஒரே கேள்வி. ஒருத்தர் மூக்கால கேட்டார். ஒருத்தர் போன்ல இருந்து கண்ண எடுக்காமக் கேட்டார். ஒரு மேடம் ராஜக்கனியோட பைலக் கடைசிப் பக்கத்துல இருந்து புரட்டி, என்னமோ தொலைஞ்சுபோன மாதிரித் தேடிட்டு, உதட்டப் பிதுக்கிக்கிட்டுக் கேட்டாங்க.

“எக்ஸ்பீரியன்ஸ்?”

“இப்பத்தான் படிச்சு முடிச்சேன், மேடம்.”

“அப்ப எக்ஸ்பீரியன்ஸோட வாங்க.”

ராஜக்கனி முப்பத்தாறு வயசுல, ரெண்டு பிள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு, நர்சிங் படிச்சு முடிச்சவ. இன்னைக்குப் பன்னெண்டாவது எடம். திருநவேலியில பெரிய ஆஸ்பத்திரி, மூணு மணிக்கு இன்டர்வியூ. கோவில்பட்டியில ஒண்ணரை மணி பஸ்ஸ விட்டா முடிஞ்சது. இந்த வேலையும் இல்லன்னா திங்கக்கெழமை பழையபடி தீப்பெட்டி ஆபீஸ். வீட்டுக்காரர் அங்க சொல்லியே வச்சுட்டார்.

பதினோரு மணிக்கு அவ பியூலா சிஸ்டர் முன்னால வந்து நின்னா.

பியூலா சிஸ்டர், பன்னெண்டு பெட்டு உள்ள சின்ன ஆஸ்பத்திரிக்கு இன்சார்ஜ். ராஜக்கனி அங்க பயிற்சிக்கு வந்தப்ப, படுக்கை விரிக்கிறதுல இருந்து ஊசி போடுறது வரைக்கும் கத்துக்குடுத்தது அவங்கதான். ஆனா ராஜக்கனியவிட ஆறு வயசு சின்னவங்க. அதனால குரு சிஷ்யைய அக்கான்னு கூப்பிடுவாங்க. சிஷ்யை குருவ சிஸ்டர்னு கூப்பிடுவா.

“வேல குடுத்தாத்தான சிஸ்டர் அனுபவம் வரும்? அனுபவம் இருந்தாத்தான் வேலன்னா, ஒலகத்துல மொத நர்சு எங்க இருந்து வந்திருப்பா?”

பியூலா சிஸ்டர் பஞ்ச உருட்டிக்கிட்டே இருந்தாங்க. “வந்த விஷயத்தச் சொல்லுங்க, அக்கா.”

“இங்க ஒரு வருஷம் வேல பாத்தேன்னு ஒரு பேப்பர் வேணும்.”

“பாத்தீங்களா?”

“எங்க செட்டுல ஏழு பேரு இப்படித்தான் வாங்குனாளுவ. ஏழு பேரும் இப்ப டியூட்டியில இருக்காளுவ. நான்தான் யோக்கியமாத் தெருவுல நிக்கேன்.”

ஏச்சு விழும்னு ராஜக்கனி தலையக் குனிஞ்சு நின்னா. விழல.

“தாரேன். ஆனா டாக்டர் ஒரு மணிக்குத்தான் வருவார். சீல் அவர்ட்ட இருக்கு. அதுவரைக்கும் எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க.” நாலாம் பெட்டோட சார்ட்ட எடுத்து நீட்டினாங்க. “நேத்து ஆப்பரேஷன் ஆனவங்க. பன்னெண்டு மணி, ஒரு மணி, ரெண்டு மணி. மூணுக்கும் மூச்சுக் கணக்க எழுதிருங்க.”

“மணி பதினொண்ணுதான சிஸ்டர் ஆகுது?”

“என்ன வரும்னு தெரியாதா?”

தெரியும். பயிற்சிக்குப் போற எடத்துல எல்லாரும் பண்றதுதான். காய்ச்சலுக்கு மெஷின் இருக்கு, பிரஷருக்கு மெஷின் இருக்கு. மூச்ச மட்டும் முழுசா ஒரு நிமிஷம் நின்னு எண்ணணும். யாருக்கு அந்த நிமிஷம் இருக்கு? அதனால ஊருல உள்ள அத்தன பேஷன்டும் நிமிஷத்துக்குச் சரியாப் பதினெட்டு மூச்சுதான் விடுவாங்க.

ராஜக்கனி பேனாவ எடுத்தா. பதினெட்டு. பதினெட்டு. பதினெட்டு. கை தானா ஓடிச்சு.

பியூலா சிஸ்டர் வாங்கிப் பாத்தாங்க. கட்டில் கால்மாட்டுல தொங்க விட்டாங்க.

“டாக்டர் வார வரைக்கும் அவங்ககூட இருங்க.”

நாலாம் பெட்டு சொர்ணம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல டீக்கடை வச்சிருக்கவ. வயித்துலதான் தையல், வாயில இல்ல.

“ஏ தாயி, பேப்பருக்கு வந்தியாக்கும், எல்லாம் காதுல விழுந்துச்சு, எங்கடைக்கும் ஒருத்தன் பத்து வருஷ அனுபவம்னு சொல்லிக்கிட்டு டீ மாஸ்டரா வந்தான், மொத நாளே பாலப் பொங்கவிட்டு அடுப்ப அணைச்சிட்டு அது புது ஸ்டைலுன்னான்.”

அத்தனையும் ஒரே மூச்சுல.

“பேசாதீங்கம்மா. தையல் இழுக்கும்.”

“பேசலன்னா செத்துருவேன், தாயி.”

பன்னெண்டு அடிச்சுது. ராஜக்கனி மனசு பஸ் ஸ்டாண்டுல நின்னுச்சு. பன்னெண்டேகால். பன்னெண்டரை. சொர்ணம் வீட்டுக்காரரப் பத்தி ஆரம்பிச்சா.

“அவரு டீ ஆத்துனாருன்னா... கடையே... நின்னு பாக்கும்.”

தூக்கம் வருது போலன்னு ராஜக்கனி நெனச்சா.

கொஞ்ச நேரங் கழிச்சு, “தண்ணி,” அப்படின்னா சொர்ணம். நிறுத்தினா. “குடு.” மறுபடி நிறுத்தினா. “தாயி.”

ராஜக்கனி சொர்ணத்த உத்துப் பாத்தா. ஒரே மூச்சுல ஒரு கதையச் சொன்ன பொம்பள, மூணு வார்த்தைக்கு மூணு மூச்சு எடுக்கா.

மூச்ச எண்ணுறோம்னு பேஷன்டுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா மாறிப்போகும். அதனால நாடி பாக்குற மாதிரி மணிக்கட்டப் பிடிச்சுக்கிட்டு நெஞ்சப் பாக்கணும். ராஜக்கனி பிடிச்சா. சுவர்க் கடிகாரத்துல நொடி முள்ளு ஒரு சுத்து வந்துச்சு.

இருபத்தெட்டு.

தப்பா எண்ணிட்டோம்னு மறுபடி எண்ணினா. முப்பது.

கட்டிலோட தலைமாட்ட ஒசத்தினா. “இருமுங்கம்மா.”

“தையல்... வலிக்கி.”

நிமிந்து பாத்தா, வாசல்ல பியூலா சிஸ்டர் நின்னாங்க. கையில டைப் அடிச்ச பேப்பர். அவங்களத் தாண்டி டாக்டர் உள்ள வந்துக்கிட்டிருந்தார். ஒரு மணிக்கு வரவேண்டியவர், பத்து நிமிஷம் முன்னாலயே வந்துட்டார்.

எக்ஸ்பீரியன்ஸ் கேட்டுத் திருப்பி அனுப்புன அந்தப் பதினோரு பேர்ல மொத ஆளு இவர்தான். டவுன் பஸ் கண்டக்டர் ஸ்டாப்பு சொல்ற மாதிரிப் பேசுவார்.

“நாலாம் பெட்டு, காய்ச்சல் இல்ல, பிரஷர் நல்லாருக்கு, மூச்சு பதினெட்டு, சாயங்காலம் கஞ்சி, அடுத்து.”

ரெண்டு மணிக்கு உண்டான கணக்கும் அந்தச் சார்ட்டுல இருந்துச்சு. மணி இன்னும் ஒண்ணுகூட ஆகல. அவர் கவனிக்கல. அஞ்சாம் பெட்டுப் பக்கம் திரும்பிட்டார்.

பேப்பர் நாலு எட்டுல இருக்கு. பஸ்ஸுக்கு நாப்பது நிமிஷம் இருக்கு. சொர்ணத்தோட வெரல் ராஜக்கனி சேலையப் பிடிச்சுக்கிட்டு இருக்கு.

“சார்.”

“யாரும்மா நீ?”

“அது பொய், சார்.”

“எது?”

“சார்ட்டு. நான்தான் எழுதுனேன். பதினோரு மணிக்கே ரெண்டு மணி வரைக்கும் எழுதிட்டேன். இப்ப முப்பது.”

டாக்டர் சார்ட்டப் பாத்தார், கடிகாரத்தப் பாத்தார், பியூலா சிஸ்டரப் பாத்தார். பியூலா சிஸ்டர் சொர்ணத்தத்தான் பாத்தாங்க. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்ப வச்சார். வலது பக்கம் கீழ கொண்டுபோனதும் மொகம் மாறிருச்சு.

“ஆக்சிஜன். எக்ஸ்ரேக்குச் சொல்லுங்க.” இப்ப மெதுவாப் பேசினார். “வலிக்குப் பயந்து இருமாமலே கெடந்திருக்காங்க. சளி அடைச்சிருச்சு.”

ராஜக்கனி மாஸ்க்க மாட்டினா. வலிக்கு ஊசி போட்டதும், தலையணைய எடுத்துச் சொர்ணத்தோட வயித்துல வச்சு, ரெண்டு கையாலயும் அணைச்சுப் பிடிச்சுக்கிட்டா. “இப்ப இருமுங்கம்மா. தையலுக்கு நான் பொறுப்பு.”

ஒண்ணரை பஸ் போச்சு. ரெண்டு மணி பஸ்ஸும் போச்சு. கடிகாரத்த அவ பாத்துக்கிட்டேதான் இருந்தா. நொடி முள்ள மட்டும்.

மூணு மணிக்கு இருபத்திரெண்டு.

“மூஞ்சில குதிரைக்குக் கொள்ளு கட்டுன மாதிரி ஒண்ணக் கட்டி வச்சிருக்கியே, தாயி, ஒரு வாய் டீக்கு வழி உண்டா கெடையாதா?” ஒரே மூச்சுல வந்துச்சு.

அதுக்கப்புறந்தான் ராஜக்கனி வெளிய வந்தா. நடையில பியூலா சிஸ்டர் நின்னாங்க.

“நான் வாயத் தொறக்காமப் பஸ்ஸுக்குப் போயிருந்தா என்ன சிஸ்டர் ஆகியிருக்கும்?”

பியூலா சிஸ்டர் இடது உள்ளங்கைய விரிச்சாங்க. பேனா மையில மூணு வரி. பன்னெண்டு மணி, இருபது. பன்னெண்டரை, இருபத்தி நாலு. பன்னெண்டு அம்பது, முப்பது.

“வாசல்லதான் நின்னேன். டாக்டரச் சீக்கிரம் வரச் சொன்னதும் நான்தான்.”

“அப்ப நீங்களே அவர்ட்டச் சொல்லிருக்கலாமே?”

“வாயத் தொறந்தேன், அக்கா. நீங்க முந்திட்டீங்க.”

ராஜக்கனி செவுத்துல சாஞ்சா. இந்நேரம் திருநவேலியில யாரோ ஒருத்திட்ட அந்தக் கேள்வியக் கேட்டுக்கிட்டிருப்பாங்க. திங்கக்கெழமைய நெனச்சா. கண்ணு கலங்குச்சு.

பியூலா சிஸ்டர் பேப்பர நீட்டினாங்க. “டாக்டர் சீல் வச்சுட்டார்.”

சீல் இருந்துச்சு. கையெழுத்து இருந்துச்சு. ராஜக்கனின்னு பேரு இருந்துச்சு. எந்தத் தேதியில இருந்து வேல பாக்காங்கங்கிற எடத்துல டாக்டர் கோழிக் கிறுக்கல்ல இன்னைக்குத் தேதியப் போட்டிருந்தார். எந்தத் தேதி வரைக்கும்ங்கிற எடம் காலியா இருந்துச்சு.

அவ ரெண்டு தடவ படிச்சா. மூணாவது தடவையும் படிச்சா.

“வரைக்கும்ங்கிற எடத்துல என்ன எழுத, சிஸ்டர்?”

பியூலா சிஸ்டர் புதுச் சார்ட் ஒண்ண அவ கையில குடுத்தாங்க.

“நாலாம் பெட்டுக்கு நேரமாச்சு. போய் எண்ணிட்டு வாங்க, அக்கா.”