சைலன்சர் கழற்றிய கார்

“எம்பொண்ணு எங்கூடப் பேசி ஒரு மாசம் ஆகுதுங்கம்மா” என்றார் குழந்தைவேலு.

மரகதம்மா நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

கொல்லிமலை அடிவாரத்தில் ஓர் ஓட்டு வீடு, நாலு தென்னை, ஒரு பழைய மொபெட். அவ்வளவுதான் அவருடைய ஆசிரமம். குழந்தைவேலுவைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் நாமக்கல்லில் கோழித்தீவன வியாபாரம் செய்யும் அந்தப் பெரிய மனிதர், அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார்.

“யாரு, வர்ஷினியா?”

“ஆமாங்க. ஒரே பொண்ணு. திங்கக்கிழமை காலேஜ் ஹாஸ்டலுக்குப் போறா. ஒரு வார்த்தை பேசாம அப்படியே போயிட்டான்னா...”

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மரகதம்மா ஒரு பிடி கடலையை முறத்தில் போட்டார்.

“நீங்க வர்றது ஏரிக்கரை தாண்டும்போதே கேட்டுதுங்க. லாரியோன்னு நெனச்சேன். கார மாத்திட்டீங்களா?”

குழந்தைவேலுவின் முகம் மாறியது. மகளைப் பற்றிய கவலை கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தது.

“அதே டீசல் கார்தானுங்க. சைலன்சர மட்டும் வீட்லயே கழட்டிட்டேன். வெல்டிங் மிஷின் வாங்கி எல்லாம் நானே பண்ணினது. டப்பா, வடிகட்டி ஒண்ணும் கெடையாது. இஞ்சின்ல இருந்து ஒரே நேர்க்குழாய். அதையும் கடைசி வரைக்கும் கொண்டுபோகாம, பின் சக்கரத்துக்கு முன்னாலயே பக்கவாட்டுல வளச்சு வெளிய விட்டுட்டேன். டீசலையும் கொஞ்சம் கூட்டி வச்சேன். இப்ப இழுவையப் பாக்கணுமே!”

“வீட்ல ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னாலும் கேக்கணுமே! ஸ்டார்ட் பண்ணிட்டா நம்ம பேச்சு நமக்கே கேக்காதுங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். மரகதம்மா சிரிக்கவில்லை.

“பொண்ணு எப்பப் பேச்ச நிறுத்தினா?”

“மலை மேல பங்காளி வீட்டுக் கல்யாணம். அவங்கம்மா முந்தின நாளே போயிட்டா. இவளை நான் கூட்டிட்டுப் போனேன். புதுப் பட்டுப் பாவாடை, தாவணி. பின் சீட்டுல உக்காந்திருந்தா. மேல போயி மண்டப வாசல்ல நிறுத்திட்டுத் திரும்பிப் பாக்கறேன், உடுப்பெல்லாம் வாந்தி எடுத்து வச்சிருக்கா. அத்தனை சொந்தக்காரங்களும் நின்னு பாக்கறாங்க. எனக்கு மானமே போச்சுங்க. ஆத்திரத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டேன்.”

“என்ன கேட்டீங்க?”

“‘வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?’ன்னேன். அவ்வளவுதான். அதுல என்னங்க தப்பு? அன்னிக்கு மூடின வாய். அவங்கம்மாகிட்டப் பேசறா. நாய்க்குட்டிகிட்டப் பேசறா. எங்கிட்ட மட்டும் இல்ல. கார்லயும் ஏற மாட்டேங்கறா.”

மரகதம்மா முறத்தை ஓரமாக வைத்தார். மடியில் கிடந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

“கார் சாவியக் குடுங்க.”

“அம்மா?”

“மேல கோயிலுக்குப் போகணும். நான் கார்ல போறேன். நீங்க என் வண்டியில வாங்க. பின்னாடியே ஒட்டினாப்பல வரணும், விட்டுறக் கூடாது.”

“நான் ஓட்டறேனுங்கம்மா. நீங்க பின் சீட்டுல சௌகரியமா உக்காருங்க.”

“பின் சீட்டுலயா?” என்றார் மரகதம்மா. “வேண்டாங்க.”

குழந்தைவேலு மொபெட்டில் ஏறினார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. தன் கைவேலையை அவர் வெளியிலிருந்து கேட்பது அதுதான் முதல் தடவை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குப் பெருமையாக இருந்தது. ஓர் அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டதை அவர் சரியாகக் கவனிக்கவில்லை.

அடிவாரம் தாண்டியது. கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கின.

ஒவ்வொரு வளைவிலும் கார் ஏற்றத்துக்கு முக்கியது. முக்கும்போதெல்லாம் கறுப்புப் புகை கொத்தாக வெளியே வந்து அவர் முகத்தில் அப்பியது. கண் எரிந்தது. தொண்டை கரகரத்தது. முந்திப் போகலாம் என்றால் சாலையில் இடமில்லை, மொபெட்டுக்குத் தெம்பும் இல்லை. பின்தங்கலாம் என்றால் அம்மாவின் வார்த்தை.

அம்மாவும் அவசரப்படவில்லை. மெதுவாகத்தான் ஓட்டினார்.

குழந்தைவேலுவுக்குக் குமட்டியது. ஹாரனை அமுக்கினார். மொபெட் ஹாரன் கீச்சென்றது. அது அவர் காதுக்கே சரியாக எட்டவில்லை.

“அம்மா! நிறுத்துங்க!”

கார் அடுத்த வளைவில் திரும்பியது.

“அம்மா! ஒரு நிமிஷம்! தலை சுத்துதுங்க!”

பின் கண்ணாடி வழியாக அம்மாவின் கொண்டை தெரிந்தது. அது திரும்பவே இல்லை. கையை ஆட்டினார். தொண்டை கிழியக் கத்தினார். கத்தத் திறந்த வாய்க்குள் புகைதான் போயிற்று.

அப்புறம் அடக்க முடியவில்லை. வண்டியைச் சுவரோரம் சாய்ப்பதற்குள் காலையில் தின்ற இட்லியெல்லாம் சட்டையில் இருந்தது.

கார் போய்க்கொண்டே இருந்தது.

குழந்தைவேலு சாலையோரச் சுவரில் உட்கார்ந்தார். அநாதைபோல உணர்ந்தார். பெரிய மனிதர், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் அழவும் செய்தார். கூப்பிட்டும் ஒருத்தர் திரும்பிப் பார்க்கவில்லையே என்று மனசு அரற்றியது.

வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர்கூட இல்லை. துண்டால் துடைத்துக்கொண்டு மொபெட்டைக் கிளப்பினார்.

மலை மேல், கோயில் வாசலில் கார் நின்றிருந்தது. மரகதம்மா பக்கத்தில் நின்று அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டிருந்தார். கோயிலுக்கு வந்தவர்கள் குழந்தைவேலுவின் சட்டையைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள். துண்டை விரித்து மார்பை மறைத்துக்கொண்டார். அது போதவில்லை.

“என்னங்க இது கோலம்?” என்றார் மரகதம்மா.

“கொமட்டிக்கிட்டு வந்துதுங்கம்மா. அந்தப் பொகை... நான் எவ்வளவு கூப்பிட்டேன்! ஹாரன் அடிச்சேன், கத்தினேன், கையக்கூட ஆட்டினேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கலையே!”

அவருக்கு அம்மாமேல் உண்மையிலேயே கோபம் வந்திருந்தது.

மரகதம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?”

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

குழந்தைவேலு வாயைத் திறந்தார். பிறகு மெல்ல மூடிக்கொண்டார்.

சாமி கும்பிட்டு வந்ததும் மரகதம்மா கார் சாவியை நீட்டினார்.

அவர் வாங்கவில்லை. மொபெட்டைக் கோயில் மதிலோரம் நிறுத்திவிட்டு வந்தார். காரின் பின் கதவைத் திறந்தார். குழாய் வளைந்திருந்த பக்கம், மகள் உட்கார்ந்திருந்த ஜன்னலோரமாக ஏறி உட்கார்ந்தார்.

“நீங்களே ஓட்டுங்கம்மா.”

மரகதம்மா சாவியைத் திருகினார். இஞ்சின் உறுமியது. ஜன்னல் வழியாகப் புகை உள்ளே வந்தது.

குழந்தைவேலு, “வர்ஷினி” என்று சொல்லிப் பார்த்தார்.

அவருக்கே கேட்கவில்லை.