மட்டை கடக்கும் நேரம்

சின்ன ஆறு. அதன் கரையில் சின்ன மடம். மழைக்காலத்தில் அந்த மடத்துக்கு ஒரு வேலை உண்டு. ஆற்றை அளப்பது.

மேல் கல்லருகே ஒரு தேங்காய் மட்டையை நீரில் விட வேண்டும். நாற்பது அடி தள்ளியிருக்கும் கீழ்க் கல்லை அது கடக்கும்வரை ‘சிவாயநம’ சொல்லி எண்ண வேண்டும். இருபது வந்தால் பயமில்லை. பன்னிரண்டுக்குக் குறைந்தால் ஆறு வேகமெடுத்துவிட்டது என்று பொருள். உடனே மணியடிக்க வேண்டும். கீழே கரையோரம் குடிசை போட்டிருக்கும் வாத்து மேய்ப்பவர்கள், பிள்ளைகளையும் வாத்துகளையும் ஓட்டிக்கொண்டு மேட்டில் ஏறிவிடுவார்கள்.

அளப்பவர் ஏகாம்பரம். அறுபது வயதுக்குமேல் துறவுக்கு வந்த சீடர். குரு பூரணர் அவரைவிட இருபது வயது சின்னவர். கூட அளந்த இன்னொரு சீடர் காய்ச்சலில் படுத்துவிட, பதினெட்டு நாளாக ஏகாம்பரம் ஒருவரே இரவும் பகலும் அளந்தார். மட்டைக்கு என்ன, அது பாட்டுக்குப் போகும். நிற்கிறவருக்குத்தானே கால் வலி.

அந்த வாரம் இரண்டு முறை மணியடித்தார். இரண்டு முறையும் வெள்ளம் வரவில்லை.

மூன்றாவது முறையும் எண்ணிக்கை பதினொன்றில் நின்றது. மணிக்கயிற்றைப் பிடிக்கப் போனவரை மறித்தாள் வாத்து மேய்க்கும் மரகதம். முறையிடத்தான் வந்திருந்தாள்.

“மழையில ஏறி எறங்கி கைக்குழந்தைக்குச் சளி கட்டிக்கிச்சு சாமி. இனிமே நீங்க அடிச்சாலும் நாங்க ஏற மாட்டோம்.”

ஏகாம்பரத்துக்கு அழுகை வந்தது. நிஜ வெள்ளம் வந்தால் இவர்கள் குடிசையிலேயே இருந்துவிடுவார்களே! குருவிடம் போனார். மரகதமும் விடாமல் கூடவே போனாள்.

“பதினொண்ணு வருது சாமி. ஆனா வெள்ளம் வரல. ஆறு பொய் சொல்லுமா?”

“கல்லுல தண்ணி ஏறியிருக்கா?”

“நேத்து நின்ன கோட்டுலயேதான் நிக்குது.”

பூரணர் எழுந்து இருவரையும் ஆற்றுக்கு அழைத்துப் போனார். மட்டையைத் தானே நீரில் விட்டார்.

“மனசுக்குள்ள எண்ணுங்க. நீயும் எண்ணும்மா.”

மட்டை கீழ்க் கல்லைக் கடந்தது.

“பதினொண்ணு,” என்றார் ஏகாம்பரம்.

“எனக்குப் பத்தொம்பது வந்துச்சே,” என்றாள் மரகதம்.

“எனக்கு இருபது,” என்றார் குரு.

ஏகாம்பரம் அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு நாமத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே, நின்றபடியே தான் தூங்கிவிட்டிருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“ரெண்டு தடவை அந்தக் குழந்தையை நனைய விட்டது நான்தான். என்ன பரிகாரம் செய்யட்டும் சாமி?”

“முதல் மணி அடிச்ச அன்னிக்கே நான் வந்து பார்த்திருக்கணும்,” என்றார் குரு. மடத்துக்குள் போய்ப் பாயை எடுத்துவந்து விரித்தார். “படுங்க.”

“அப்போ ஆறு?”

“நான் எண்ணுறேன்.”

“நானும் கூட நிக்கிறேன்,” என்றாள் மரகதம். “நான் எண்ணிச் சொன்னா எங்க ஆளுங்க ஏறுவாங்க.”

ஏகாம்பரம் பாயைப் பார்த்தார். படுக்க மனம் வரவில்லை.

“தூங்குறதெல்லாம் ஒரு பரிகாரமா சாமி?”

குரு மட்டையை எடுத்துக்கொண்டு மேல் கல்லை நோக்கி நடந்தார்.

“பரிகாரம்னு யார் சொன்னது? அளவுகோலைச் சரி பண்றோம்.”