சடையன் கேட்ட புளியங்கொட்டை

காட்டு நடுவே ஒரு முள்வேலி. மனம் கலங்கிப் பிறரைக் காயப்படுத்திய மிருகங்களை அதற்குள் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். சடையன் என்ற கரடியும் அங்கேதான் இருந்தது. வெறி வந்த நேரத்தில் அது ஒரு மானின் காலை ஒடித்துவிட்டது.

ஒருமுறை குணமாகி வெளியே போனது. மூன்றே மாதம். மறுபடி வெறி, மறுபடி வேலி. கோடையில் இன்னொரு முறை விடப்போகிறார்கள். சடையனுக்கு அதை நினைத்தாலே பயம். 'இந்தத் தடவை யார் காலை ஒடிக்கப் போகிறேனோ!'

எதை ஆராய்வது என்று முடிவு செய்ய வைத்தியர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடுவார்கள். கேள்விக்கு ஒரு தேக்கிலை. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. எந்த இலையில் அதிகம் விழுகிறதோ, அந்தக் கேள்விதான் அந்த ஆண்டு முழுக்க.

இரண்டு இலை விரித்தார்கள்.

"வேலி எவ்வளவு உயரம் வேண்டும்?" என்றது காவல் நிற்கும் காட்டெருமை.

"எந்த வேர் கொடுத்தால் அசந்து தூங்குவார்கள்?" என்றார் நாரை வைத்தியர்.

"எனக்கும் ஒரு புளியங்கொட்டை கொடுங்க!" என்று வேலிக்குள்ளிருந்து உறுமியது சடையன்.

எருமை சிரித்தது. "எதுக்கு? தின்னுட்டுத் தூங்கவா? நோயாளிக்கு ஆராய்ச்சியைப் பத்தி என்னடா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. ஆனா வெளியே போய்த் திரும்பி வந்தது நீயா, நானா?"

"அப்படிக் கேளு அண்ணே!" என்றது பக்கத்தில் இருந்த முள்ளம்பன்றி. "வேலி உசந்தா எனக்கென்ன? தாண்டிப் பறக்க எனக்கென்ன றெக்கையா முளைச்சிருக்கு?"

உள்ளே இருந்தவை எல்லாம் சிரித்தன. நாரை சிரிக்கவில்லை. வேலியருகே வந்தார்.

"உன் கேள்வி என்ன, சடையா?"

"போனவங்க ஏன் திரும்பி வர்றாங்க? அதைப் பாருங்க, வைத்தியரே! வேரை அப்புறம் பாத்துக்கலாம்."

நாரை மூன்றாவது இலையை விரித்தார். உள்ளே இருந்தவர்களுக்கும் ஆளுக்கொரு புளியங்கொட்டை கொடுத்தார். எருமை முணுமுணுத்தது. யார் கேட்டார்கள்? மூன்றாவது இலையில் குவியலே விழுந்தது. நாரையும் தன்னுடையதை அதில்தான் போட்டார்.

திரும்பி வந்தவர்களை ஒவ்வொருவராய் விசாரித்தார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "குளத்துக்குப் போனால் எங்களைக் கண்டு மற்ற மிருகங்கள் எல்லாம் ஓடிவிடும். பேச ஆள் கிடையாது. தனியே கிடந்து கிடந்து புத்தி பேதலித்துவிடும்."

வேலியின் உயரத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றிலிருந்து, வெளியே போகிறவருடன் முதல் சில மாதம் ஒரு துணை குளத்துக்குப் போனது. கோடையில் சடையனுக்குத் துணையாக வந்தது எருமை!

"என்னை ஏன் பாக்கிறே? எனக்கும் தாகம்தான், நட!"

குளத்தில் அந்த நொண்டி மான் நின்றது. சடையனைக் கண்டு நடுங்கியது. பக்கத்தில் எருமையைப் பார்த்தது. ஓடவில்லை. தள்ளி நின்று தண்ணீர் குடித்தது. சடையனும் தலை குனிந்து குடித்தது.

மூன்று மாதம் போயிற்று. நான்காவதும் போயிற்று.

அடுத்த கூட்டத்தன்று சடையன் வேலிக்கு வந்தது, வெளிப்பக்கமாக. கையில் ஒரு புளியங்கொட்டை.

நோயாளிக்காக எதை ஆராய்வது என்று நோயாளியையும் கேட்டு முடிவு செய்தால்தான் அந்த ஆராய்ச்சி அவருக்கு உதவும்.