கிரியாட்டினின் வாய் திறந்த நாள்

கோவில்பட்டியில் டிரைவிங் ஸ்கூல் நடத்திய சுடலைமுத்துவின் உடம்பில் இரண்டு சிறுநீரகங்கள் குடியிருந்தன. அண்ணன் இடப்பக்கம், தம்பி வலப்பக்கம். இரவு பகலாக ரத்தத்தை வடிகட்டினார்கள். லீவு கிடையாது. நன்றி என்ற சொல்லைக் கேட்டதும் கிடையாது.

சுடலைமுத்து பகலில் தண்ணீர் குடிக்க மாட்டார். குடித்தால் ஒதுங்க இடம் தேட வேண்டுமே! இடுப்பு வலிக்கு மட்டும் வேளை தவறாமல் மாத்திரை போடுவார். பிரஷர் மாத்திரையைத் தொட மாட்டார், பழகிவிடுமாம்.

"அண்ணே, என் சல்லடை பிய்யுது," என்றான் தம்பி.

"என்னுதும்தான். நமக்கு வலின்னு கத்தத் தெரியாது. அதுதான் நம்ம தலையெழுத்து. ரத்தத்துல இருக்கிறவங்க சொல்லட்டும்."

ரத்தத்தில் சேதி சொல்ல இருவர் இருந்தார்கள். பெரியவர் கிரியாட்டினின், தசைகளின் கழிவில் பிறந்தவர். ஊரே அவரைத்தான் நம்பியது. இன்னொருத்தி சிஸ்டாட்டின் என்ற சின்னப் புரதம். வடிகட்டல் கொஞ்சம் தளர்ந்தாலே பதறிவிடுவாள். புது ஆள் என்பதால் அவளை யாரும் கூப்பிடுவதில்லை.

சுடலைமுத்துவின் மனைவி இசக்கியம்மாள் ஒருநாள் பிடிவாதமாக நின்றாள். "உங்க அண்ணன் கிட்னி கெட்டுத்தானே போனாரு? ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பாருங்க."

அவள் வாயை அடைப்பதற்காகவே அவர் போனார்.

டாக்டர் செண்பகவல்லி முடிவைப் பார்த்தார். "கிரியாட்டினின் சரியாத்தான் இருக்கு. ஆனா நீங்க ரொம்ப ஒல்லி. தசை கம்மியா இருந்தா அது கம்மியாத்தான் காட்டும். அதனாலதான் சிஸ்டாட்டினையும் பார்க்கச் சொன்னேன், அது கூடியிருக்கு. வேற காரணத்தாலயும் கூடலாம், அதனால சிறுநீர்ல புரதம் போகுதான்னும் பார்த்திடுவோம். வலி மாத்திரையை நிறுத்துங்க. பிரஷர் மாத்திரையைப் போடுங்க."

சுடலைமுத்துவின் காதில் முதல் வாக்கியம் மட்டும் ஏறியது.

"பாத்தியா, நார்மல்!" என்றார் வாசலில்.

"ஆனான்னு என்னமோ சொன்னாங்களே?"

"ஆனா கீனான்னு சொன்னாத்தான் டாக்டர் பொழப்பு ஓடும். வா, பிரியாணி சாப்பிடலாம்."

உள்ளே சிஸ்டாட்டின் தவித்தாள். "ஐயா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் கத்துறது யார் காதுலயும் விழலை."

கிரியாட்டினின் நிதானமாகச் செருமினார். "அம்மாடி, இந்த ஒல்லி உடம்பில் என் குரல் எழும்பாது. சிறுநீரகம் பாதிக்கு மேல் போகட்டும், பேசுகிறேன். எதையும் அவசரப்பட்டுச் சொன்னால் மரியாதை இருக்காது."

அண்ணனும் தம்பியும் அந்த மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டே சுருங்கினார்கள்.

சில வருடங்களில் சுடலைமுத்துவுக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். அன்று கிரியாட்டினின் வாய் திறந்தார். திறந்த வாயை மூடவேயில்லை. உறவுக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஆஸ்பத்திரியே எழுந்து நின்று கேட்டது.

"இத்தனை நாளா யாருமே எங்கிட்ட சொல்லலையே!" என்று கட்டிலில் உட்கார்ந்து அழுதார் சுடலைமுத்து.

இசக்கியம்மாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். கண்ணீரை மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பித் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் ரத்தத்தை வடிகட்டும் டயாலிசிஸ் மெஷின் துணைக்கு வந்து சேர்ந்தது. குழாய் வழியாக வந்துபோன ரத்தம் சிறுநீரகங்களுக்கும் அதற்கும் இடையே தூது போனது.

"நம்மாளு உங்கிட்ட எப்படி நடந்துக்கிறாரு?" என்று கேட்டான் அண்ணன், ஈனக்குரலில்.

"தங்கமான மனுசன்," என்றது மெஷின். "சொன்ன நாளில் வருகிறார். ஊசி குத்த வந்தால் கையை நீட்டுகிறார். அசையாதே என்றால் அசைவதில்லை. தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்கிறார்."

"நாங்க கூடவே பிறந்தவங்க. எங்களுக்கு இதுல ஒண்ணுகூடச் செய்யலையே. உங்கிட்ட அப்படி என்னப்பா இருக்கு?"

மெஷின் பதில் சொல்வதற்குள் குழாய் ஒன்று லேசாக மடங்கியது. மெஷின் கீச்சென்று அலறியது.

சுடலைமுத்து துள்ளி நிமிர்ந்தார். "சிஸ்டர்! சிஸ்டர்! இங்க என்னமோ சொல்லுது, சீக்கிரம் வந்து கேளுங்க!"