முடிவாகாத அரிசி

“ஒரு வழி சொல்லு தாயே. அரிசி கொடுக்கிறதா, வேல் கொடுக்கிறதா, ரெண்டும் வேண்டாமா?”

கணவாய் அடிவாரத்துத் தண்ணீர்ப்பந்தலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார் செவ்வந்தியப்பர். கொன்றைநாட்டுச் சபையில் மொத்தம் முப்பத்தொரு பேர். அவர்களில் ஒருவர் அவர். வயது அறுபது.

பந்தலை நடத்துகிறவள் சடைச்சி. அவரைவிட இருபது வயது இளையவள். துறவி என்று ஊர் சொல்லும், ஞானி என்றும் சொல்லும். அவள் எதையும் சொல்லிக்கொண்டதில்லை. அப்போது பானை கழுவிக்கொண்டிருந்தாள்.

“முதல்ல செருப்பைக் கழட்டுங்க, சபையாரே.”

கழற்றினார்.

விஷயம் இதுதான். மலைக்கு அப்பால் மூங்கிலடி என்று ஒரு சின்ன நாடு. பெரிய படை ஒன்று அதை வளைத்துக்கொண்டு கிடந்தது. அங்கிருந்து நீலன் என்ற தூதுவன் காட்டுவழியாகத் தப்பி வந்து, கொன்றைநாட்டுச் சபையில் கைகூப்பி நின்றான். பசிக்கு அரிசி வேண்டும், கோட்டையைக் காக்க வேல் வேண்டும் என்றான்.

சபை பௌர்ணமிக்கு ஒரு முறைதான் கூடும். அவன் வந்து மூன்று பௌர்ணமி போய்விட்டது. மூன்று முறையும் பேசினார்கள், சாப்பிட்டார்கள், வாக்கு ஓலை போட்டார்கள், கலைந்தார்கள்.

“பத்துப் பேர் அரிசி மட்டும் கொடுக்கலாங்கிறாங்க. வேல் கொடுத்தா அந்த ரத்தம் நம்ம கையில ஒட்டுமாம். இன்னும் பத்துப் பேர் வேல் மட்டும் போதுங்கிறாங்க. அரிசி அனுப்பினா வழியிலேயே எதிரி பிடுங்கித் தின்னுடுவானாம். மீதிப் பத்துப் பேர் ஒண்ணுமே வேண்டாங்கிறாங்க. நம்ம ஊர்லயே பசி இருக்காம்.”

“நீங்க?”

“நான் முப்பத்தொண்ணாவது ஆள்.”

“அது எண்ணிக்கை. நீங்க என்ன சொன்னீங்க?”

செவ்வந்தியப்பர் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்று முறையும் ஒன்றும் எழுதாத வெற்றோலை போட்ட மகராசன் அவர்தான்.

“நான் எந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் பதினொண்ணுதான் ஆகும். பாதிக்கு மேல வந்தாத்தான் முடிவு. தனி ஆள் என்ன செய்ய முடியும்? எங்க தெருவில வேற, ‘எங்க சோத்தை மலைக்கு அந்தாண்ட அனுப்பிட்டு இந்தப் பக்கம் வராதே’ன்னு சொல்லிட்டாங்க.”

“அவங்க சொல்றது நியாயந்தானே?”

“நியாயந்தான். அதுதான் சங்கடம்.”

“இந்த மூணு மாசத்துல உங்க தெருவுக்குச் சபை என்ன கொடுத்தது?”

“அதுக்கு ஒரு குழு போட்டிருக்கோம்.”

சடைச்சி கழுவின பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

“சாப்பிட்டீங்களா?”

“இல்லை.”

ஒரு தையல் இலையில் தயிர்சாதமும் ஒரு மாவடுவும் வைத்து அவர் முன்னால் போட்டாள். காலையிலிருந்து நடந்து வந்த பசி. அவர் உட்கார்ந்து முதல் கவளத்தைப் பிசைந்தார்.

புளியமரத்திலிருந்து ஒரு குரங்கு இறங்கியது.

தூணில் ஒரு கம்பு சாத்தியிருந்தது. அவர் கை நீட்டுவதற்குள் சடைச்சி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குரங்கு கை நிறைய அள்ளிக்கொண்டு போனது.

“கம்பைக் கொடு தாயே.”

“அடிச்சா ரத்தம் வரும், சபையாரே. நம்ம கையில ஒட்டும்.”

இன்னும் இரண்டு வந்தன. ஒன்று சாதத்தை இழுத்தது, ஒன்று மாவடுவை எடுத்துக்கொண்டு அவரைப் பார்த்து இளித்தது. இலை காலியானதும் சடைச்சி எழுந்து வந்து கம்பை அவர் கையில் கொடுத்தாள்.

“இந்தாங்க.”

“இனிமே இதை வச்சுக்கிட்டு என்ன செய்ய? பசிக்குது.”

“பத்துப் பேர் இது மட்டும் போதும்னு சொன்னாங்களே.”

செவ்வந்தியப்பருக்கு முகம் சிவந்தது.

“அப்போ ரெண்டும் கொடுக்கணுங்கிற.”

“நான் எங்கே சொன்னேன்? குரங்குக்குச் சாதம் போட்டேன்.”

“உனக்கு விளையாட்டா இருக்கு. இந்தப் பௌர்ணமியைத் தாண்டினா கோட்டைக் கதவு தாங்காதுங்கிறான் நீலன். அவன் பொண்டாட்டியும் ரெண்டு பிள்ளைகளும் உள்ளே இருக்காங்க. நாளை மறுநாள் பௌர்ணமி. என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான் தாயே. நானும் அழுதேன்.”

“அழுதுட்டு வெற்றோலை போட்டீங்க.”

சடைச்சி அடுத்த பானையை எடுத்தாள்.

“சபை கூடுற அன்னிக்குச் சாப்பாடு போடுவாங்களா?”

“தடபுடலா.”

“எந்த அரிசி?”

“என்ன கேள்வி இது? சோறு வரும், சாப்பிடுவோம். எந்த அரிசியா இருந்தா என்ன?”

“கேட்டுப் பாருங்க,” என்றாள்.

கொன்றைநாட்டில் ஒரு பழைய விதி உண்டு. சபை எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறதோ, அந்தப் பொருள் சபை மண்டபத்திலேயே இருக்க வேண்டும். வாய் பேசுவதைக் கண்ணும் பார்க்கட்டும் என்று பெரியவர்கள் வைத்த நல்ல விதி. அதன்படி முதல் பௌர்ணமி அன்றே அரிசி மூட்டைகளைக் கொண்டுவந்து சுவரோரம் அடுக்கினார்கள். மூலையில் வேல்களைக் கட்டுக்கட்டாகச் சாத்தினார்கள்.

பௌர்ணமி அன்று காலை செவ்வந்தியப்பர் நேரத்தோடு போனார். வாழ்நாளில் முதல் தடவையாக மண்டபத்தின் பின்கட்டுக்குள் நுழைந்தார். சமையற்காரர் பலவேசம் உலை வைத்துக்கொண்டிருந்தார்.

“பலவேசம், இது எந்த அரிசி?”

“மண்டபத்துல இருக்கிற அரிசிதாங்க.”

“மண்டபத்துலன்னா?”

“சுவரோரம் அடுக்கி வச்சிருக்கே, அது. கொடுக்கலாமா வேண்டாமான்னு இன்னும் முடிவாகாத அரிசி. சும்மாதானே கிடக்கு.”

செவ்வந்தியப்பர் அடுப்பைப் பார்த்தார். உருண்டு திரண்ட, வழவழப்பான கம்புகள் எரிந்துகொண்டிருந்தன.

“விறகு?”

“வேல் காம்புங்க. நல்லா காய்ஞ்சது, புகையே இல்லை. இரும்பை எல்லாம் கழட்டிப் பத்திரமா வச்சிருக்கேன்.”

“யார் எடுக்கச் சொன்னாங்க?”

“யாரும் சொல்லலைங்க. யாரும் கேட்கவும் இல்லை.” பலவேசம் கரண்டியைத் துடைத்துக்கொண்டே பெருமையாகச் சொன்னார்: “ஆனா அந்தத் தூதுவர் ஐயாவுக்கு மட்டும் எப்பவும் ரெண்டு கரண்டி கூடவே போடுவேன். விருந்தாளியாச்சே.”

செவ்வந்தியப்பர் மண்டபத்துக்குத் திரும்பி மூட்டைகளின் அருகே போனார். முன்வரிசை கலையாமல் இருந்தது. பின்னால் வெறும் சுவர்தான்.

சபை கூடியது. பேச்சுக்குக் குறைவில்லை. சொந்த நாட்டுப் பசியைப் பற்றி ஒருவர் கண் கலங்கப் பேசினார். பேசி முடித்துவிட்டு, இன்னும் இலை போடவில்லையா என்று கேட்டார். இலை போட்டார்கள். முப்பத்தொரு இலையும் தூதுவனுக்கு ஒன்றும்.

பந்தியில் ஒருவர் இலையில் சோறு இருக்கும்போது மற்றவர் எழுவது எந்த ஊரிலும் மரியாதை இல்லை. கொன்றைநாட்டுச் சபையில் அது குற்றம். எழுந்தவருக்குப் பதவி போய்விடும்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். இலையை மடித்துவிட்டு உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தே இருந்தார்கள்.

செவ்வந்தியப்பர் இலையில் வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

“உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார் சபைத் தலைவர் உலகநம்பி.

“நல்லாத்தான் இருக்கு.”

“அப்போ சாப்பிடும். கை காயுது.”

“மாட்டேன்.”

நான்கு பௌர்ணமியில் அந்த மண்டபத்தில் அவர் தீர்மானமாகச் சொன்ன முதல் சொல் அது.

“என்னய்யா சொல்றீர்?”

“இது மூங்கிலடிக்காரங்க அரிசி. இல்லேன்னா எங்க தெருக்காரங்க அரிசி. யாருதுன்னு நாமதான் இன்னும் சொல்லலை. எப்படியும் என்னுது இல்லை.” அவர் பின்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார். “இது எதுல வெந்ததுன்னு யாருக்காவது தெரியுமா? அந்த மூலையைப் பாருங்க. வேல் எங்கே?”

எல்லோரும் மூலையைப் பார்த்தார்கள். பிறகு மூட்டைகளைப் பார்த்தார்கள். பிறகு அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள். நீலன் பந்தியின் கோடியில் உட்கார்ந்திருந்தான். அவன் கையில் பருக்கை ஒட்டியிருந்தது. அவன் அதை உதறவும் இல்லை, துடைக்கவும் இல்லை. அவன் முகத்தைப் பார்க்க ஒருவருக்கும் தெம்பு இல்லை.

உலகநம்பி தொண்டையைச் செருமினார்.

“தப்பு நடந்துபோச்சு. விசாரிக்கலாம். முதல்ல நீர் சாப்பிடும், எல்லாரும் கை கழுவட்டும், அப்புறம் உட்கார்ந்து பேசலாம்.”

“மூணு தடவையும் சாப்பிட்டுட்டுத்தான் பேசினோம்.”

“இவரைத் தூக்கி வெளியில போடுங்கய்யா,” என்று ஒரு குரல் வந்தது. தூக்க வேண்டுமென்றால் யாராவது எழுந்திருக்க வேண்டும். யார் எழுவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் அசையவில்லை.

வெயில் முற்றத்தைத் தாண்டி மண்டபப் படியில் ஏறியது. விரல்களில் குழம்பு காய்ந்து இறுகியது. முப்பது பேருக்கும் தாகம் எடுத்தது. வாசலில் தண்ணீர்க்குடம் இருந்தது, எட்டுகிற தூரத்தில் இல்லை.

உலகநம்பிக்குப் பொறுக்கவில்லை.

“இன்னும் எவ்வளவு நேரம் எங்களை இப்படிக் காக்க வைக்கப் போறீர்?”

செவ்வந்தியப்பர் சம்மணத்தைச் சரிசெய்துகொண்டு, நன்றாக அழுந்தி உட்கார்ந்தார்.

“மூணு பௌர்ணமி,” என்றார்.